ஒரே சந்திப்பு, இரண்டு பைக், மூன்று பேர்: காயம் ஏன் வேறுபட்டது?

விபத்து என்றதும் முதலில் வரும் கேள்வி "யார் மேல் தப்பு?" என்பதுதான். காப்பீட்டுக்கும் வழக்குக்கும் அந்தக் கேள்வி தேவை. ஆனால் ஒருவர் முழங்கையில் தோல் உரிந்ததோடு எழுந்து நடந்து போக, இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார் என்றால், அந்த வித்தியாசத்தைத் தப்புக் கணக்கு விளக்காது. மோதலுக்கான காரணம் வேறு, காயத்துக்கான காரணம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் மோட்டார் சைக்கிள் விபத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வேகம், ஹெல்மெட், குடி என்ற மூன்று சொற்களோடு முடிந்துவிடுகிறது.

ஒரே ஒரு மோதலை எடுத்துக்கொண்டு, அதில் சிக்கிய மூன்று பேருக்கு ஏன் மூன்று விதமாக அடிபட்டது என்று பார்க்கலாம். இது ஏதோ ஓர் ஊரில் நடந்த குறிப்பிட்ட விபத்தின் அறிக்கை இல்லை. விபத்து ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் வகையை வைத்துக் கட்டிய மாதிரி நிகழ்வு. ஆட்களும் தூரங்களும் நான் வைத்தவை. கணக்கும் அதன் பின்னால் உள்ள ஆய்வுகளும் நிஜம்.

நிகழ்வு

நான்குமுனைச் சந்திப்பு. பகல் வெளிச்சம், காய்ந்த சாலை. எதிரே வந்த கார் ஒன்று பக்கத்துச் சாலைக்குள் நுழைய, வழிவிடாமல் குறுக்கே திரும்புகிறது. அந்தக் கணத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் அடுத்தடுத்த தடங்களில், ஏறக்குறைய ஒன்றுக்கொன்று பக்கவாட்டில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. இரண்டுக்கும் காருக்கும் இடையே 30 மீட்டர்.

முதல் வண்டியில் 24 வயது இளைஞர் தனியாக வருகிறார். வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. முழுமுக ஹெல்மெட் போட்டிருக்கிறார், தாடைப் பட்டையை மாட்டவில்லை. ஆபத்தைக் கண்டதும் முன்பிரேக்கை இறுகப் பிடிக்கிறார், முன்சக்கரம் பூட்டிக்கொள்கிறது, வண்டி சரிந்து அவரும் விழுகிறார். வண்டி தனியாகச் சறுக்கிப் போய்க் காரின் பக்கத்தில் இடிக்கிறது. அவர் காரைத் தொடாமலே அதன் பின்புறமாகச் சறுக்கிப் போகிறார். தரையில் முதலில் பட்டபோதே ஹெல்மெட் கழன்று ஓடிவிட்டது. கடைசியில் வெறுந்தலை நடைபாதையின் விளிம்புக் கல்லில் இடிக்கிறது.

இரண்டாவது வண்டியில் 67 வயதுப் பெரியவர், பின்னால் முப்பதுகளில் ஒரு பெண். வண்டியில் ஏபிஎஸ் உண்டு. பெரியவர் பட்டை மாட்டிய முழுமுக ஹெல்மெட்டோடு, நேராகவே பிரேக் பிடித்து, நிமிர்ந்த நிலையிலேயே காரின் முன்சக்கரத்துக்கு மேலே மோதுகிறார். பின்னால் இருந்தவர் போட்டிருந்தது தாடையை மூடாத திறந்தமுக ஹெல்மெட்.

காரை ஓட்டியவருக்குக் கீறல்கூட இல்லை.

காயத்தை எண்ணாக்கினால்

காயத்தின் கடுமையை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்துவது ஏஐஎஸ் என்ற தரவரிசை. 1971-இல் வந்தது, ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை தரம் கொடுக்கும். 1 என்றால் சிராய்ப்பு, 6 என்றால் பெரும்பாலும் பிழைக்க வழியில்லை. ஒருவருக்குப் பல இடங்களில் அடிபட்டிருந்தால் என்ன செய்வது? 1974-இல் அதற்கு ஒரு வழி சொன்னார்கள்: உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, மிக மோசமாக அடிபட்ட மூன்று பகுதிகளின் தரங்களை வர்க்கப்படுத்திக் கூட்டுவது. அதுதான் ஐஎஸ்எஸ். அதிகபட்சம் 75. 15-ஐத் தாண்டினால் பெருங்காயம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

நம் நிகழ்வில் இளைஞருக்கு மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே இரத்தம் தேங்கியிருக்கிறது, தரம் 4. காறை எலும்பு முறிவு, தரம் 2. தோல் உரிவு, தரம் 1. கூட்டினால் 16, 4, 1, மொத்தம் 21.

பெரியவருக்கு ஒரு பக்கத்தில் நான்கு விலா எலும்புகள் முறிந்திருக்கின்றன, தரம் 3. தொடை எலும்பு முறிவு, தரம் 3. சிராய்ப்பு, தரம் 1. மொத்தம் 19. தலையில் ஒன்றும் இல்லை.

பின்னால் இருந்தவருக்குத் தாடை முறிவு 2, மணிக்கட்டு முறிவு 2, சிராய்ப்பு 1. மொத்தம் 9.

21-ம் 19-ம் பக்கத்துப் பக்கத்து எண்கள்தான். ஆனால் அவை சொல்லும் கதைகள் வேறு. ஒன்று சில மணி நேரத்தில் முடிவாகிவிடும் ஆபத்து. மற்றொன்று நான்காம் ஐந்தாம் நாளில் மெதுவாகத் தலைதூக்கும் ஆபத்து. ஐஎஸ்எஸ்-க்கு வயது தெரியாது. ஒரே பகுதியில் இரண்டு கடும் காயம் இருந்தால் ஒன்றைத்தான் அது எண்ணும். அந்தக் குறையைச் சரிசெய்ய 1997-இல் ஒரு திருத்திய வடிவம் வந்தது. ஆக "கடுமை" என்று ஓர் ஆய்வு சொல்லும்போது, உயிரிழப்பா, மருத்துவமனையில் சேர்ந்த நாட்களா, இந்த மாதிரி ஒரு எண்ணா, எதை அளந்தார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசி 30 மீட்டர்

1981-இல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் வெளியான ஆய்வுதான் இந்தத் துறைக்கு அடித்தளம். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். கூடவே 3,600 போலீஸ் அறிக்கைகள். அதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு எளிய தகவல்: வழக்கமான விபத்தில், ஆபத்து தெரிந்ததிலிருந்து மோதல் வரை ஓட்டுநருக்குக் கிடைத்தது 2 வினாடிக்கும் குறைவு. பார்ப்பது, புரிந்துகொள்வது, கையும் காலும் அசைவது எல்லாம் அதற்குள் முடியவேண்டும்.

அந்த இரண்டு வினாடியை நம் 30 மீட்டரில் வைத்துப் பார்ப்போம். உணர்ந்து பிரேக் பிடிக்க ஒரு வினாடி ஆகிறது என்று கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். பாதி தூரம் யோசிப்பதிலேயே போய்விட்டது, மிச்சம் 13.3 மீட்டர். நல்ல பிரேக்கில் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 7 மீட்டர் வீதம் குறையும் என்றால், காரை எட்டும்போது வேகம் மணிக்கு 34 கி.மீ. பெரியவர் மோதியது இந்த வேகத்தில்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். தொடக்க வேகம் 50 என்றால்? யோசிக்க 13.9 மீட்டர், நிற்க 13.8 மீட்டர். காருக்கு 2.3 மீட்டர் முன்பே வண்டி நின்றுவிடுகிறது, விபத்தே இல்லை. தொடக்க வேகம் 70 என்றால் மோதும் வேகம் 55. அதாவது பயண வேகம் 60-லிருந்து 70 ஆனதில், மோதும் வேகம் 34-லிருந்து 55-க்குத் தாவிவிட்டது. உடல் தாங்கவேண்டிய ஆற்றல் இரண்டரை மடங்கு. உயரத்திலிருந்து விழுவதாகச் சொன்னால், 34 கி.மீ. என்பது சுமார் 4.6 மீட்டரிலிருந்து விழுவது, 55 கி.மீ. என்பது கிட்டத்தட்ட 12 மீட்டரிலிருந்து விழுவது. "பத்து கிலோமீட்டர் கூடப் போனேன், அவ்வளவுதானே" என்று சொல்பவர்கள் பயண வேகத்தை நினைத்துச் சொல்கிறார்கள். உடல் வாங்கிக்கொள்வது மோதும் வேகத்தை.

இன்னொன்றையும் மாற்றிப் பார்க்கலாம். வேகம் அதே 60, ஆனால் ஓட்டுநர் அரை வினாடி தாமதமாக உணர்கிறார். பிரேக்குக்கு மிஞ்சுவது 5 மீட்டர்தான். மோதும் வேகம் 52. அரை வினாடிக் கவனச்சிதறல், மணிக்கு 10 கி.மீ. கூடுதல் வேகத்துக்குக் கிட்டத்தட்ட சமமாகிவிடுகிறது. ஆய்வுகளில் வேகம் மட்டும் தனிக் குற்றவாளியாக நிற்பதற்கு ஒரு காரணம், சறுக்குத் தடத்தை வைத்து வேகத்தைக் கணிக்கலாம், கவனத்தைக் கணிக்க முடியாது.

இளைஞரின் கதைக்கு வருவோம். "மோதப்போகிறது என்று தெரிந்தால் வண்டியைப் படுக்கப் போட்டுவிடு, தப்பிச்சுக்கலாம்" என்று ஓர் அறிவுரை உலகம் முழுக்க உலவுகிறது. கணக்கு அதற்கு எதிராக இருக்கிறது. டயர் ரப்பர் சாலையைப் பிடிக்கும் அளவுக்கு உலோகமும் பிளாஸ்டிக்கும் பிடிப்பதில்லை. சறுக்கும் வண்டி வினாடிக்கு வினாடி 4.5 மீட்டர் வீதம் வேகம் இழக்கிறது என்று கொண்டால், காரை எட்டும்போது மணிக்கு 45 கி.மீ. நிமிர்ந்தபடி பிரேக் பிடித்தவரைவிட 11 கி.மீ. அதிகம். இளைஞர் காரில் இடிக்காமல் தப்பியது அதிர்ஷ்டம். அவர் போன பாதை நேராக இருந்திருந்தால் காருக்கு அடியில் போயிருப்பார். அவர் வேண்டுமென்று படுக்கப் போடவும் இல்லை. சக்கரம் பூட்டிக்கொண்டால் இரண்டு சக்கர வண்டி நிற்காது, விழும். ஏபிஎஸ் செய்வது இந்த ஒரு வேலையைத்தான்: சக்கரத்தைச் சுழலவிட்டு வண்டியை நிமிர்ந்து வைத்திருப்பது. பயந்துபோய் முன்பிரேக்கைத் தொடவே தயங்கி, பின்பிரேக்கை மட்டும் மிதிப்பவர்களுக்கும் இதே கதிதான். அதில் வேகம் பாதி வீதத்தில் குறைந்தால் மோதும்போது 49. ஐரோப்பிய ஒன்றியம் 2016 முதலும் இந்தியா 2018 முதலும் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு ஏபிஎஸ்-ஐக் கட்டாயமாக்கின.

எதில் மோதினார், எங்கே மோதினார்

பெரியவர் நிமிர்ந்து வந்து மோதினார். வண்டி நின்றுவிட்டது, அவர் நிற்கவில்லை. அதே 34 கி.மீ. வேகத்தில் உடல் முன்னே போகிறது. முதலில் இடுப்பு பெட்ரோல் டேங்கில் இடிக்கும். அதன் பின்பக்கச் சரிவு செங்குத்தாக இருந்தால் இடுப்பெலும்பு விரிந்து உடையும் வாய்ப்பு கூடும். சாய்வாக இருந்தால் உடல் மேலேறிப் போகும். அடுத்து தொடை ஹேண்டில்பாரில் சிக்கும். பெரியவரின் தொடை உடைந்தது இங்கேதான். பிறகு நெஞ்சு, காரின் பானட் விளிம்பில். அதற்குப் பின் பானட்டின் மேல் உருண்டு அந்தப் பக்கம் விழுகிறார். தலை பட்டது கடைசியில், தரையில், ஹெல்மெட்டோடு.

இதே மோதல் ஒரு மீட்டர் தள்ளிக் கதவுப் பகுதியில் நடந்திருந்தால் உருள இடமே இருந்திருக்காது. தலையும் நெஞ்சும் நேராகக் கூரை விளிம்பிலோ தூணிலோ போய் நின்றிருக்கும். காரின் இடத்தில் உயரமான முகப்பு கொண்ட வண்டி இருந்தாலும் அப்படித்தான். வேகமும் ஹெல்மெட்டும் வயதும் எதுவும் மாறாமல் முடிவு மாறிவிடும்.

சாலை ஓரமும் இப்படித்தான். கார்களுக்காகப் போட்ட இரும்புத் தடுப்புகள் காரைப் பிடித்து நிறுத்துகின்றன. சறுக்கி வரும் மனித உடலுக்கு அவற்றின் செங்குத்துக் கம்பங்கள் வெட்டுக் கத்திகள். சில நாடுகளில் தடுப்பின் கீழ்ப்பகுதியை மூடி இன்னொரு தகடு பொருத்துகிறார்கள். மரம், மின்கம்பம், விளிம்புக் கல் என்று அசையாத பொருளில் இடிப்பது, எதிலும் இடிக்காமல் சறுக்கி நிற்பதைவிட எத்தனையோ மடங்கு மோசம். சறுக்கி நின்றால் ஆற்றல் பல மீட்டர் தூரத்தில் கரைகிறது, இடித்தால் சில சென்டிமீட்டரில்.

இன்னொரு பக்கம், உயிரைப் பறிக்காத ஆனால் வாழ்க்கையை மாற்றிவிடும் காயங்கள். 1999-2000 காலத்தில் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை ஆராய்ந்த மெய்ட்ஸ் ஆய்வில், மொத்தக் காயங்களில் கால்களுக்கு ஏற்பட்டவை 31.8%, கைகளுக்கு 23.9%, தலைக்கு 18.4%. ஹெல்மெட் பரவலாக இருக்கும் இடங்களில் அடுத்த பெரிய பிரச்சினை கால். அதற்கான பாதுகாப்பு ஏற்பாடு வண்டி வடிவமைப்பில் இன்னும் சரியாக வரவில்லை. ஆடைகளில் ஓரளவு வந்திருக்கிறது. 2011-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், மோட்டார் சைக்கிளுக்கென்று தைத்த ஜாக்கெட், பேன்ட், கையுறை அணிந்திருந்தவர்கள் மருத்துவமனையில் சேரும் அளவுக்குப் போனது குறைவு. ஆனால் அவை தடுத்தது முக்கியமாகத் தோல், சதைக் காயங்களை. எலும்பு முறிவை அல்ல. கூடவே ஓர் அதிர்ச்சி: விபத்துக்குள்ளான கையுறைகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சேதமடைந்து பயனற்றுப் போயிருந்தன.

தலை

ஹெல்மெட் சோதனையைப் பார்க்கும் எவருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஐரோப்பாவில் நெடுங்காலம் நடப்பில் இருந்த தரநிலையில் ஹெல்மெட்டை இடிக்க வைக்கும் வேகம் வினாடிக்கு 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 27 கி.மீ. "அறுபதில் போகிறவனுக்கு இருபத்தேழில் சோதித்த ஹெல்மெட் எதற்கு?"

விடை திசையில் இருக்கிறது. 60 கி.மீ. வேகத்தில் போகிறவர் சரிந்து விழும்போது, அந்த வேகம் சாலைக்கு இணையாகப் போகிறது. சாலையை நோக்கித் தலை இறங்கும் வேகம் தலையின் உயரத்தைப் பொறுத்தது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அது வினாடிக்கு சுமார் 5.4 மீட்டர்தான். சோதனை வேகம் அதைத் தாண்டியே இருக்கிறது. உள்ளே இருக்கும் தெர்மாகோல் பொருள் நசுங்குவதுதான் முழு வேலையும். 7.5 மீட்டர் வேகத்தை 25 மில்லிமீட்டர் தூரத்தில் நிறுத்தினால் தலைக்கு வரும் விசை புவியீர்ப்பைப் போல சுமார் 115 மடங்கு. அதே வேகத்தை 5 மில்லிமீட்டரில் நிறுத்தினால் 570 மடங்குக்கு மேல். ஹெல்மெட் என்பது அடிப்படையில் அந்த இரண்டு சென்டிமீட்டர் கூடுதல் தூரம். ஒருமுறை நசுங்கிய தெர்மாகோல் திரும்ப எழும்பாது. விழுந்த ஹெல்மெட்டை மாற்றச் சொல்வது இதனால்தான். இணையாகப் போகும் வேகமும் சும்மா இருப்பதில்லை. அது தலையைச் சுழற்றும், மூளை உள்ளே திருகும். புதிய ஐரோப்பியத் தரநிலையில் சாய்வாக இடிக்கும் சோதனையைச் சேர்த்திருப்பது அதற்காக.

நம் இளைஞரிடம் இதெல்லாம் இருந்தது. தலையில் இருக்கவேண்டிய நேரத்தில் இல்லை, அவ்வளவுதான். மெய்ட்ஸ் ஆய்வில் சுமார் 9% பேருக்கு மோதலின் ஏதோ ஒரு கட்டத்தில் ஹெல்மெட் கழன்றிருக்கிறது. பட்டை மாட்டாதது, தளர்வாக மாட்டியது, அளவு பொருந்தாதது, எல்லாம் இதில் அடக்கம். போலீஸ் பதிவில் "ஹெல்மெட்: ஆம்" என்று ஒரு கட்டத்தில் டிக் விழுந்திருக்கும். அப்படிப்பட்ட பதிவுகளை வைத்து ஹெல்மெட்டின் பலனைக் கணக்கிட்டால், பலன் உண்மையைவிடக் குறைவாகத்தான் தெரியும்.

கணக்கிடுவதே எவ்வளவு தந்திரமான வேலை என்பதற்கு ஒரு உதாரணம். ஹெல்மெட் போடுபவர்கள் பொதுவாகவே நிதானமாக ஓட்டுபவர்களாக இருக்கலாம். அப்படியானால் அவர்கள் பிழைத்தது ஹெல்மெட்டாலா, நிதானத்தாலா? இதைப் பிரிக்க லியோனார்ட் எவன்ஸ் என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு அழகான வழி கண்டார்: ஒரே வண்டியில் இருந்த இரண்டு பேரை ஒப்பிடுவது. வேகம், சாலை, மோதல் எல்லாம் இருவருக்கும் ஒன்று. ஒருவர் போட்டிருந்து மற்றவர் போடாத வண்டிகள், இருவரும் போட்ட வண்டிகள், இருவரும் போடாத வண்டிகள் என்று பிரித்துப் பார்த்தால் ஹெல்மெட்டின் பங்கு தனியாகத் தெரியும். 1988-இல் எவன்ஸும் ஃப்ரிக்கும் இந்த வழியில் பெற்ற விடை, உயிரிழப்பு 28% குறைகிறது என்பது. பின்னர் புதிய தரவுகளோடு அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஓட்டுநருக்கு 37%, பின்னால் இருப்பவருக்கு 41% என்றது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2008-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு உயிரிழப்பில் 42%, தலைக்காயத்தில் 69% குறைவு என்றது. எண்கள் மாறுவதைக் காட்டி "ஆய்வாளர்களுக்கே தெரியவில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. முறை வேறு, ஹெல்மெட் வேறு, ஆட்கள் வேறு. எண் மாறத்தான் செய்யும். திசை ஒருமுறைகூட மாறவில்லை.

வயது இரண்டு பக்கமும் வெட்டும்

இளம் ஓட்டுநர்கள் அதிகம் மோதுகிறார்கள்; வயதானவர்கள் மோதினால் அதிகம் அடிபடுகிறார்கள். இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு "வயது" என்று ஒரு வரி எழுதினால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, வயதுக்கு முக்கியத்துவமே இல்லை என்பதுபோல் தோன்றும்.

பெரியவரின் விலா எலும்புகளைப் பாருங்கள். 24 வயது நெஞ்சுக்கூடு வளைந்து கொடுக்கும். அதே இடியில் அவருக்குக் கன்றிப்போனதோடு முடிந்திருக்கலாம். 67 வயதில் அது முறியும். முறிந்தால் வலி, வலித்தால் ஆழமாக மூச்சு விடமாட்டார், இருமமாட்டார், சளி தேங்கும், நிமோனியா வரும். 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 65 வயதைத் தாண்டியவர்களில் கூடுதலாக முறியும் ஒவ்வொரு விலா எலும்புக்கும் இறப்பு வாய்ப்பு 19%-ம் நிமோனியா வாய்ப்பு 27%-ம் கூடுவதாகக் காட்டியது. அதற்கு மேல், இந்த வயதில் பலர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குச் சின்னத் தலை இடிகூடப் பெரிய கசிவாகலாம். ஆக அவருடைய 19, இளைஞரின் 21-ஐவிட லேசானது என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இளைஞர் பக்கம் நிற்கும் காரணங்கள் வேறு. அனுபவமின்மை வயதோடு சேர்ந்தே வருவதால் இரண்டையும் பிரிப்பது கடினம். ஹர்ட் ஆய்வில் விபத்துக்குள்ளானவர்களில் 92% பேர் தானாகவோ வீட்டார், நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். முன்பிரேக்கை எவ்வளவு அழுத்தினால் சக்கரம் பூட்டும் என்பதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். சொன்னாலும் கை அதை அவசரத்தில் செய்யப் பழகியிருக்காது. நடுவயதில் பல வருடம் கழித்துத் திரும்ப வண்டி எடுப்பவர்களும் இந்த விஷயத்தில் புதியவர்கள்தான். உடல் வயதானது, கை புதியது. இரண்டின் பாதகமும் அவர்களுக்கு.

பின்னால் உட்கார்ந்தவர்

ஆய்வுகளில் பின்னிருக்கைக்காரர் பெரும்பாலும் ஒரு அடிக்குறிப்பு. வண்டி ஓட்டாதவரைப் பற்றி என்ன இருக்கிறது என்ற நினைப்பு. ஆனால் அவருடைய நிலைமை தனி. சாலை தெரியாது, பிடிக்க ஹேண்டில் கிடையாது, மோதப்போவது தெரிந்து உடலை இறுக்கிக்கொள்ளும் அரை வினாடிகூடக் கிடைக்காது.

நம் நிகழ்வில் அவருக்கு முன்னால் ஓர் உடல் இருந்தது. காரின் இடியை முதலில் வாங்கியது பெரியவர். பின்னால் இருந்தவர் அவர் முதுகின் மேல் சரிந்தார். அதில் அவருடைய வேகம் கொஞ்சம் மெதுவாகக் குறைந்தது. கடுங்காயம் படாமல் போனதற்கு அது ஒரு காரணம். ஆனால் அதே எடை பெரியவரை முன்னால் தள்ளி, அவருடைய நெஞ்சு பானட்டில் அழுந்துவதைக் கூட்டியது. ஒருவரின் காயத்தைக் குறைத்த அதே விஷயம் மற்றவரின் காயத்தைக் கூட்டியிருக்கிறது. பின்னால் இருந்தவரின் தாடை உடைந்தது காரிலும் இல்லை, தரையிலும் இல்லை. பெரியவரின் ஹெல்மெட் பின்பக்கத்தில் முகம் போய் இடித்ததில். முழுமுக ஹெல்மெட்டாக இருந்தால் இரண்டு ஹெல்மெட்டும் ஒன்றோடொன்று மோதியிருக்கும். நல்ல ஹெல்மெட் ஓட்டுபவருக்கு, வீட்டில் கிடந்த பழையது பின்னால் வருபவருக்கு என்ற பழக்கத்துக்கு இந்தத் தாடைதான் பதில்.

சராசரியில் ஒளிந்திருப்பவை

மழையில் விபத்து கடுமையாக இருக்கும் என்று நினைப்போம். பல ஆய்வுகளில் ஈரச் சாலை விபத்துகள் காய்ந்த சாலை விபத்துகளைவிடக் கடுமை குறைந்தவையாக வருகின்றன. மழையில் எல்லோரும் மெதுவாகப் போகிறார்கள், விழுந்தாலும் ஈரச் சாலையில் உடல் எளிதாகச் சறுக்குகிறது. மோதல் எண்ணிக்கை கூடுவதும் கடுமை குறைவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம். இரவு இதற்கு நேர்மாறு: சாலை காலி, வேகம் அதிகம், எதிரே இருப்பது தெரிவதில்லை.

குடியும் இரட்டை வேலை செய்கிறது. ஹர்ட் ஆய்வில் உயிரிழப்பில் முடிந்த விபத்துகளில் ஏறக்குறைய பாதியில் மது இருந்தது. அது மோதலை வரவழைப்பதோடு நிற்காமல், ஹெல்மெட்டை மறக்கவைக்கிறது, வளைவில் தனியாக விழவைக்கிறது. மருத்துவமனையில் போதையும் மூளைக்காயமும் ஒரே மாதிரித் தெரிய, ஸ்கேன் எடுக்கத் தாமதமாகிறது.

வண்டி வகையைப் பற்றி ஒரே வார்த்தை: பந்தய வண்டி வடிவில் வரும் பைக்குகளில் இறப்பு விகிதம் அதிகம் என்பது சரி, ஆனால் அந்த வண்டியை வாங்குபவர் யார், எங்கே ஓட்டுகிறார் என்பதைக் கழித்துவிட்டு இயந்திரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. இன்ஜின் சிசியை மட்டும் வைத்துச் சட்டம் போடுபவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை.

எல்லாக் கணக்குகளுக்கும் அடியில் ஒரு ஓட்டை உண்டு. லேசாக விழுந்து எழுந்து போனவர்கள் போலீஸ் பதிவில் வருவதே இல்லை. ஹெல்மெட், ஏபிஎஸ், ஜாக்கெட் எது நன்றாக வேலை செய்ததோ, அந்த நிகழ்வு தரவிலிருந்தே காணாமல் போய்விடுகிறது.

மோதலுக்குப் பிறகு

வில்லியம் ஹாடன் என்ற மருத்துவர் 1966-இல் அமெரிக்காவின் முதல் கூட்டரசுச் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்குத் தலைவரானார். விபத்தை மோதலுக்கு முன், மோதல், மோதலுக்குப் பின் என்று மூன்று கட்டமாகவும், ஒவ்வொன்றையும் மனிதர், வண்டி, சூழல் என்றும் பிரித்துக் கட்டம் போட்டுக் காட்டியவர் அவர். மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

நம் சந்திப்பில் பெரியவர் வலியில் கத்துகிறார். பின்னால் இருந்தவரின் வாயிலிருந்து இரத்தம். கூட்டம் அவர்களைச் சுற்றி நிற்கிறது. இளைஞர் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்கிறார். மண்டையோட்டுக்குள் இரத்தம் தேங்கும் காயத்தில் இப்படித் தெளிவாகப் பேசும் இடைவெளி ஒன்று வருவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அப்புறம் தலைவலி, வாந்தி, தூக்கம், நினைவிழப்பு. அந்த இடைவெளிக்குள் அவரை ஸ்கேனுக்கு அனுப்பினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. "சரி, நல்லாத்தானே இருக்கிறார்" என்று வீட்டுக்கு அனுப்பினால் இல்லை. மூன்று பேரில் மிக அவசரமானவர் மிக அமைதியாக இருந்தவர்.

பெரியவரின் ஹெல்மெட்டை ஒருவரே இழுத்துக் கழற்றுவது இன்னொரு ஆபத்து. மூச்சுக்குத் தடையில்லாவிட்டால் பயிற்சி பெற்றவர் வரும்வரை விட்டுவிடலாம். கழற்றியே தீரவேண்டுமென்றால் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கழுத்தை அசையாமல் பிடிக்க. உடைந்த தொடைக்குள்ளேயே நிறைய இரத்தம் இறங்கலாம், வெளியே ஒரு சொட்டும் தெரியாமல்.

இது பட்டப்பகலில், நாலு பேர் பார்க்கும் சந்திப்பு. இரவில் ஊருக்கு வெளியே வளைவில் தனியாக விழுந்தவருக்கு, கண்டுபிடிக்கப்படும் நேரமே ஒரு காயம். தனி வண்டி விபத்துகள் கடுமையாகத் தெரிவதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைப் பதிவேடு எதுவும் தனியாகக் காட்டாது.

பதிவேட்டில் என்ன இருக்கும்

இந்த நிகழ்வுக்கு வழக்கமான விபத்துப் படிவம் நிரப்பப்பட்டால் இப்படி இருக்கும்: சந்திப்பு, பகல், காய்ந்த சாலை, கார் வழிவிடவில்லை, மூவரும் ஹெல்மெட் அணிந்திருந்தனர், இருவருக்குப் பெருங்காயம், ஒருவருக்குச் சிறுகாயம். மெய்ட்ஸ் ஆய்விலும் பாதி விபத்துகளில் முதன்மைக் காரணம் எதிர் வண்டி ஓட்டுநரின் தவறுதான். ஆக இந்தப் படிவம் பொய் சொல்லவில்லை.

ஆனால் மூவரின் காயத்தைத் தீர்மானித்த எதுவும் அதில் இல்லை. பட்டை மாட்டியிருந்ததா, ஹெல்மெட் தலையில் நின்றதா, முழுமுகமா திறந்தமுகமா என்று கேட்க இடமில்லை. வண்டி நிமிர்ந்து மோதியதா, விழுந்து சறுக்கியதா, ஏபிஎஸ் இருந்ததா, காரின் எந்தப் பகுதியில் இடித்தது, உடல் கடைசியாக எதில் போய் நின்றது, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரா, ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது என்ற கட்டங்களும் இல்லை. இவற்றில் பெரும்பாலானவற்றைக் குறிக்க, நடந்த இடத்திலேயே ஒரு புகைப்படமும் இரண்டு கேள்விகளும் போதும். மிச்சம் மருத்துவமனைக் கோப்பில் கிடக்கிறது. பல இடங்களில் போலீஸ் பதிவையும் மருத்துவப் பதிவையும் ஒரே ஆளோடு சேர்த்துப் பார்க்க வழியில்லாததால், இளைஞர் ஆண்டுப் புள்ளிவிவரத்தில் "ஹெல்மெட் அணிந்திருந்தும் தலைக்காயம்" என்ற பத்தியில் போய்ச் சேருவார்.